இடது கை ஆட்காட்டி விரல்

பந்து போடுகிறவனுக்கு எது முக்கியம் என்று கேட்டால் ஒருவர் தோள் என்பார், இன்னொருவர் முதுகு என்பார். என்னைப் போல இடது கையால் சுழற்பந்து போடுகிறவனைக் கேட்டால் ஆட்காட்டி விரலை நீட்டுவான். அதிலும் முழு விரல் வேண்டாம். மேல் கணுவில், நடுவிரலைப் பார்த்த ஓரத்தில், ஒரு துவரம்பருப்பு அகலத்துக்கு இருக்கிற தோல் போதும். பந்தின் தையல் அந்த இடத்தை உரசிக்கொண்டுதான் கையை விட்டுப் போகும். வருடக்கணக்கில் போட்டுப் போட்டு அங்கே தோல் காய்த்துப் போகும். அந்தக் காய்ப்பு இருக்கிற வரைக்கும் பந்து திரும்பும். அது போய்விட்டால் உள்ளே இருப்பது பச்சைத் தோல். இரண்டு ஓவரில் கிழிந்துவிடும். கிழிந்தால் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போடலாமே என்று சொல்லாதீர்கள். பந்து போடுகிற கையில் பிளாஸ்திரி ஒட்ட நடுவர் விடமாட்டார்.

மாநில அணியில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது அந்தத் துவரம்பருப்புதான். அதனால் அதைப் பற்றிய கவலை எனக்கு எந்நேரமும் இருந்தது. குளிக்கும்போது இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிப்பேன். சாம்பார் சாதத்தை வலது கையால் பிசைந்தாலும் இடது கைமேல் தெறித்துவிட்டதா என்று பார்ப்பேன். பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது அந்த ஒரு விரலை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்கள் யாருக்கோ வழி காட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். கவலைப்படுவதில் எனக்கு இணை கிடையாது. எங்கள் அம்மா, "நீ நெனைச்சு நெனைச்சே அந்த வெரலத் தேச்சுப் போடுவே சாமி" என்பார்.

திருப்பூரில் பிறந்தவன் ஒன்று பனியன் கம்பெனி வைப்பான், இல்லையென்றால் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போவான். கிரிக்கெட் ஆடுகிறேன் என்று சொன்னால், "அது சரீங்க, சோலி என்னன்னு கேட்டனுங்க" என்பார்கள். மாநில அணிக்கு ஆடுகிறேன் என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "டீவில எப்பக் கண்ணு வருவே?" நாலு நாள் ஆட்டத்தை டிவியில் எவன் காட்டுகிறான்? வெயிலில் காய்ந்துபோன மைதானத்தில், நாற்காலி எடுத்துப் போடுகிறவரும் ஸ்கோர் எழுதுகிறவரும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க, காலையிலிருந்து மாலை வரை பந்து போட்டுவிட்டு வருவேன். கல்யாண வீட்டில் யாராவது பெரியப்பா முறைக்காரர் என் தோளில் தட்டி, "சீக்கிரமா டீவில வந்துரு" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்துக்கொண்டே "சரீங்க" என்பேன்.

நானும் ஊர்ப் புத்தியை விட்டவன் இல்லை. முதல் தடவை மாநில அணியின் சட்டையைக் கையில் கொடுத்தபோது மற்றவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் அடி விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்த்தேன், துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன். "தோள்பட்டைல தையல் தாங்காதுங்க சார்" என்று மேனேஜரிடம் சொல்லியும் விட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றிலிருந்து டிரெஸ்ஸிங் ரூமில் எனக்கு டைலர் என்று பெயர்.

அணியில் நிரந்தரமாக இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஆட்டம் உள்ளே, அடுத்த ஆட்டம் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு வெளியே. டாஸ் போடுகிற காலையில் கேப்டன் யார் பக்கம் நடந்து வருகிறார் என்று பார்ப்பேன். என் பக்கம் வந்து தோளில் கை போட்டால் அன்றைக்கு நான் வெளியே. கை போடாமல் போனால் உள்ளே. இன்றைக்கும் யாராவது பாசமாகத் தோளில் கை போட்டால், தண்ணீர் பாட்டில் எங்கே என்று என் கண் தேடும்.

அந்த வருடம் நிலைமை இன்னும் மோசம். என்னைவிட ரொம்பச் சின்னப் பையன் ஒருவன், அவனும் இடது கைச் சுழல், அணிக்கு வந்திருந்தான். நல்ல பையன். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம். பொங்கலுக்கு முந்தைய ஆட்டம் முடிந்ததும் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாருப்பா, ரெண்டு பேரையும் வெச்சுக்க முடியாது. அடுத்த மேட்ச் கோயம்புத்தூர்ல, உங்க பக்கத்து ஊரு. நீதான் ஆடறே. அதைப் பார்த்துட்டு முடிவு பண்றோம்." இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அங்கே விட்டால் மறுபடி உள்ளே வர வழியில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு வேலம்பாளையத்தில் சின்னதாக ஒரு பவர்டேபிள். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கிற துணியைத் தைத்து, பீஸாக ஆக்கித் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். கீழே மெஷின்கள், மாடியில் வீடு. மெஷின் சத்தம் இல்லாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. நான் வந்த அன்று சத்தமே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் ஒருவரும் இன்னும் திரும்பியிருக்கவில்லை. மதுரைப் பக்கம், தேனிப் பக்கம் போனவர்கள் தை மாதம் பாதிக்கு மேல் போனால்தான் வருவார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஷிப்மென்ட் தேதி மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

மாடியில் ஒரு ரப்பர் பந்தை வைத்து விரலுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா படியில் பாதி ஏறி நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"கண்ணு, சோலி ஒண்ணும் இல்லீன்னா சித்த கீழ வர்றியா? நாளைக்குக் காத்தால கம்பெனில இருந்து பீஸு செக் பண்ண க்யூசி வர்றாரு. வெள்ளை பீஸு பூராவும் எண்ணெய்க் கறையாக் கெடக்குது."

ஷிப்மென்ட் என்பது எங்கள் ஊரில் ஒரு காய்ச்சல். அது வந்துவிட்டால் வீட்டில் இருக்கிற யாரும் சும்மா உட்கார முடியாது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை கையில்கூடக் கத்தரியைக் கொடுத்துப் பிசிறு வெட்ட உட்கார வைப்பார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்காருவார். முடியாது என்று சொல்லலாம் என்கிற எண்ணமே இங்கே ஒருவனுக்கு வராது. எனக்கும் வரவில்லை. பேருந்தில் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறவன், சாம்பார் தெறித்ததா என்று பார்க்கிறவன், "வர்றனுங்ப்பா" என்று எழுந்து போனேன்.

மெஷின் எண்ணெய் சொட்டி வெள்ளை பனியனில் விழுந்த கறையை எடுக்க ஒரு திரவம் இருக்கிறது. மூக்கைத் துளைக்கும். வழக்கமாக அதைச் செய்கிற அக்கா தேனிக்காரர், ஊரிலிருந்து வரவில்லை. அவருடைய ரப்பர் உறை ஆணியில் தொங்கியது. வலது கைக்கு மட்டும். அவர் வலது கையால் தேய்க்கிறவர், இடது கை உறையை எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார். நான் இடது கைக்காரன். உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிட்டேன். வலது கையால் திரவத்தை அடிப்பது, இடது கை விரலால் தேய்ப்பது, துடைப்பது, அடுத்த பீஸ். கறை கண் முன்னால் மறைவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. அம்மா ஒரு பக்கம் பிசிறு வெட்டினார். அப்பா மடித்து அடுக்கினார். பேசிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பொழுது சாயும் நேரத்தில் குவியல் முழுக்கச் சுத்தமாகியிருந்தது. அப்பா அப்படியொரு நிம்மதியாக மூச்சு விட்டார். கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். வாடை போகவில்லை என்று இன்னொரு தடவை கழுவினேன்.

அடுத்த நாள் காலையில் பல் துலக்கும்போது விரலைப் பார்த்தேன். காய்ப்பு வெளுத்துப்போய், தண்ணீரில் நனைந்த அப்பளம் மாதிரி இருந்தது. நகத்தால் ஓரத்தைத் தொட்டேன். தூக்கிக்கொண்டு வந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வருடங்களாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு மத்தியானத்தில் பனியனோடு சேர்த்து நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். நினைக்க நினைக்க அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பாவிடம் சொன்னால் அவர் உயிரை விட்டுவிடுவார். கோச்சிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அந்தப் பையன் உள்ளே. தூக்கிய தோலைப் பசை வைத்து ஒட்டினேன். மருந்துக் கடையில் ஒரு தைலம் வாங்கித் தடவினேன். காய்ந்து இறுகியது மாதிரி தெரியும், மனது கொஞ்சம் லேசாகும். பந்தைப் பிடித்து ஒரு தடவை முறுக்கினால் மறுபடி சொதசொதவென்று ஆகும். கோயம்புத்தூருக்குப் போய் வலைப் பயிற்சியில் வேண்டுமென்றே மெதுவாகப் போட்டேன். "மேட்ச்சுக்கு மிச்சம் வெக்கிறியா டைலரே?" என்று கேப்டன் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

டாஸ் அன்று கேப்டன் என் தோளில் கை போடவில்லை. சந்தோஷப்பட வேண்டியவன், போட்டிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எதிரணி மட்டை பிடித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பந்து என் கைக்கு வந்துவிட்டது. ஆடுகளம் காய்ந்து, எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. முதல் ஓவரிலேயே ஒரு பந்து தரையில் பட்டு நன்றாகத் திரும்பி, மட்டையின் ஓரத்தில் பட்டு ஸ்லிப்பில் நின்றவர் கைக்குப் போனது. விக்கெட். எல்லோரும் ஓடி வந்து கை தட்டினார்கள். நான் வலது கையை மட்டும் நீட்டினேன். பிழைத்துக்கொண்டோம், இன்றைக்கு ஒரு நாள் தாங்கினால் போதும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த ஓவரில் ஏதோ சூடாகக் கசிவது தெரிந்தது. குனிந்து பார்க்கவில்லை. பார்த்தால் மற்றவர்களும் பார்ப்பார்கள். பந்து சிவப்பு, ரத்தம் தெரியாது, அந்த வரைக்கும் நல்லது என்று போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் பல்லைக் கடித்தேன். சுழற்ற முடியவில்லை. வெறுமனே எறிந்தேன். நேராகப் போன பந்துகளை அவர்கள் எல்லைக்கு விரட்டினார்கள். விரல் வழுக்காமல் இருக்க ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன். நடுவர் ஓவர் முடிந்து தொப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது என் தொடையைப் பார்த்தார். வெள்ளைக் கால்சட்டையில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். கையை நீட்டச் சொன்னார். நீட்டினேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டுக் கேப்டனைக் கூப்பிட்டார்.

உள்ளே மேசையில் கையை வைத்து பிசியோ விளக்கைத் திருப்பினார். "இது பந்து போட்டுக் கிழிஞ்சது மாதிரி இல்லையே. அடித்தோல் வரைக்கும் ஊறியிருக்கு. கெமிக்கல் ஏதாவது பட்டுதா?"

கோச் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேட்ச்சுக்கு முன்னால் அப்பா கம்பெனியில் உட்கார்ந்து கறை எடுத்தேன் என்று அங்கே எப்படிச் சொல்வது? டைலர் என்று ஏற்கெனவே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்பன்காரன் பையனைக் கூப்பிட்டுக் கறை துடைக்க வைத்தானாம் என்று என் அப்பாவைப் பார்த்து நாலு பேர் சிரிப்பதை நான் கேட்க முடியாது.

"இல்லீங்க சார். எப்படின்னு தெரியலைங்க" என்றேன்.

கோச் திரும்பி மைதானத்துக்குப் போனார். எப்படி ஆனது என்று தெரியாத காயம் மறுபடியும் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அப்பா போனில் கூப்பிட்டார். "கண்ணு, எக்ஸ்போர்ட் கம்பெனில கடைசிச் செக்கிங்லயும் நம்ம லாட்டு பாஸாயிருச்சு. ஒரு பீஸுகூடக் கழிக்கலை. அந்தக் க்யூசி அசந்து போயிட்டாரு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். விக்கெட் எடுத்ததைப் போனில் ஸ்கோர் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றார். நாளைக்கு வேலை இல்லை, நேரில் வருகிறேன் என்றார். வேண்டாம், வெயிலில் அலைய வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வெயில் என்ன வெயில் என்று சிரித்தார்.

மறுநாள் வந்தார். அதற்கு முன் அவர் என் ஆட்டம் எதையும் பார்க்க வந்ததில்லை. கடையில் புதிதாக எடுத்த சட்டை, கையில் ஒரு டிபன் கேரியர். எல்லைக் கயிற்றுக்கு வெளியே வேப்ப மர நிழலில் நின்றார். நான் விரலில் தடிமனாகக் கட்டுப் போட்டுக்கொண்டு கயிற்றோரம் ஃபீல்டிங் நின்றுகொண்டிருந்தேன். பந்து போடத்தான் கூடாது, பந்து பொறுக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். சுழலுகிற ஆடுகளத்தில் யார் யாரோ சுழல் போட்டார்கள். எப்போதும் மட்டை மட்டுமே பிடிக்கிறவர்கூடப் போட்டார். ஒவ்வொரு ஓவருக்கும் அப்பா கேப்டனைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஒரு பந்து என் பக்கம் உருண்டு வந்தது. குனிந்து எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் திரும்பிப் பார்த்தேன். மரத்தடியில் டிபன் கேரியர் மட்டும் இருந்தது. என்னிடம் கொடுக்கும்படி வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஆட்டத்துக்கான அணியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கிடைக்காது என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை. ஒரு விக்கெட் எடுத்தேனே, அந்தப் பந்தைப் பார்த்திருப்பார்களே, விரல் ஆறுகிற வரைக்கும் பொறுக்க மாட்டார்களா என்று நானே ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தேன். போன் ஒவ்வொரு தடவை சத்தம் போடும்போதும் உயிர் போய் உயிர் வந்தது. ஒன்று மாமா மகன் அனுப்பிய காலை வணக்கம், இன்னொன்று சாயப் பட்டறைக்காரர் அப்பாவுக்கு அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்பியது. சாப்பாடு இறங்கவில்லை. மாடியில் இருக்க முடியாமல் கீழே போய்ச் செக்கிங் மேசை ஓரமாக உட்கார்ந்தேன். ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன.

செய்தி வந்தது. மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். அந்தப் பையன் பெயர் இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தேன், அவ்வளவுதான். அந்தப் பக்கம் நூல் கோன் மாற்றிக்கொண்டிருந்த அப்பா நேராகச் சுவரோரம் போய் மெயினை அணைத்தார். எல்லா மெஷினும் நின்றன. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஆட்கள் எழுந்து டீ குடிக்க வெளியே போனார்கள். அப்பா வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நாங் கூப்புட்டிருக்கக் கூடாது" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்ப்பா. அதுக்கு முந்தின மேட்ச்சுலயே வெரல் போயிருச்சுங்க. நீங்க வெசனப்படுவீங்கன்னு சொல்லாம உட்டுட்டேன்."

"பொங்கலுக்கு முன்னாடியேவா?"

"ஆமாங்ப்பா."

என் கையை எடுத்துக் கட்டை அவிழ்த்தார். வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். அந்தத் திரவம் தோலை என்ன செய்யும் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். கறை எடுக்கிற எத்தனை பேர் விரலைப் பார்த்திருக்கிறார். ரொம்ப நேரம் பார்த்தார். "சரி கண்ணு" என்றார். கட்டைத் திரும்பச் சுற்ற முயன்றார். இரண்டு தடவை சுற்றியும் நழுவியது. நானே சுற்றிக்கொண்டேன். பிறகு போய் மெயினைப் போட்டார்.

மாநில அணியிலிருந்து அதற்குப் பிறகு எனக்கு அழைப்பு வரவில்லை. லீக் ஆட்டங்கள் கொஞ்ச வருடம் ஆடினேன், அதையும் விட்டேன். இப்போது பவர்டேபிளை நான்தான் பார்க்கிறேன். ஷிப்மென்ட் காய்ச்சல் அப்படியேதான் இருக்கிறது. ஆள் பற்றாவிட்டால் அப்பா படியில் பாதி ஏறி நின்றுகொண்டு அம்மாவைக் கூப்பிடுவார், என் மனைவியைக் கூப்பிடுவார், பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகளைக்கூடப் பிசிறு வெட்டக் கூப்பிடுவார். அந்தப் பொங்கலுக்குப் பிறகு என்னை மட்டும் அவர் எந்த வேலைக்கும் கூப்பிட்டதில்லை. நானாகத்தான் இறங்கிப் போகிறேன்.